தொழிலாளர் நலத்தை அளப்பது எப்படி?

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே உள்ளது பெர்மாஸ் ஜெயா. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும், கடலிடுக்கைக் கடந்து சிங்கப்பூருக்கும் வேலைக்குச் செல்வோர் பலர் இங்கு வாழ்கின்றனர். இத்தகைய தொழிலாளருக்குச் செய்யும் வைத்தியம் உரிய பயனைத் தருகிறதா என்பதை எவ்வாறு அறிவது? இத்தனை மருத்துவமனை, இத்தனை மருந்து என்பது செலவுக் கணக்கே. அது பயன் கணக்கு ஆகாது. பயனைக் கணக்கிட்ட பழைய சான்று ஒன்று இந்நாட்டிலேயே உண்டு.

1901-ஆம் ஆண்டில் சிலாங்கூரைச் சேர்ந்த கிள்ளானுக்கு மருத்துவராக வந்தார் மால்கம் வாட்சன். அக்காலத்தில் கிள்ளான் பட்டணத்திலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியாக் காய்ச்சல் மக்களை வாட்டியது. சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டினர், காட்டை அழித்தனர், கொசு பெருகுவது குறைந்தது. அவ்விரு ஊர்களிலும் 1901-இல் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். 1902-இல் 59 பேர். 1905-இல் 45 பேர்.

'நோய் தானே தணிந்திருக்கலாமே?' என ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. அதற்கும் விடை உண்டு. இவ்வேலை நடைபெறாத சுற்றுப்புறத்தின் கணக்கும் எடுக்கப்பட்டது. அங்கே 1901-இல் 266 ஆக இருந்த காய்ச்சல் மரணம் 1905-இல் 351 ஆக உயர்ந்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது உண்மை துலங்கிற்று.

வேலை நாள் இழப்பும் கணக்கிடப்பட்டது. மலேரியாவால் அரசாங்க ஊழியர் எடுத்த விடுப்பு 1901-இல் 1,026 நாள். 1905-இல் 30 நாள் மட்டுமே.

ஆனால் இவ்விடுப்புக் கணக்கில் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளிக்கு இடமில்லை. அவன் காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போயிற்று. நோயோடு கப்பலேறித் தாயகத்தில் இறந்தவனோ மலாயாவின் மரணக் கணக்கிலும் சேரான். ஆகவே, எந்தக் கணக்கைக் கண்டாலும் அதில் விடுபட்டோர் யார் எனக் கேட்பது நம் கடமையாகும்.

இக்கேள்வி இன்றும் பொருந்தும். சிங்கப்பூரில் உழைக்கும் பெர்மாஸ் ஜெயாத் தொழிலாளி ஒருவர் வீட்டருகே வைத்தியம் பார்த்தால், விடுப்பு ஒரு நாட்டு ஏட்டிலும் வைத்தியம் மறுநாட்டு ஏட்டிலும் பதிவாகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி, அவர் நலம் பெற்றாரா என்பது விளங்காது. கணக்கில் அவரும் இடம்பெற வேண்டும். அதுவே நேர்மையான அளவையின் முதற்படி.