எழுதியவர்களை வாழவைக்காத பாட்டு

'விதவுட் யூ' என்ற ஆங்கிலப் பாட்டைக் கேட்டவர்கள் நம்மிலும் பலர் உண்டு. 'நீ இல்லாமல்' என்று பொருள். வயதானவர்கள் அதை ஹாரி நில்சன் பாட்டு என்பார்கள். இளைஞர்கள் மரியா கேரி பாட்டு என்பார்கள். இருவருமே அதை எழுதியவர்கள் அல்ல. எழுதிய இருவரும் பணத் தொல்லைக்கு நடுவே தற்கொலை செய்துகொண்டார்கள்!

ஒட்டிய பாட்டு

'பேட்ஃபிங்கர்' என்பது பிரிட்டனைச் சேர்ந்த ராக் இசைக்குழு. பீட்டில்ஸ் குழுவினரின் 'ஆப்பிள்' நிறுவனம்தான் அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டது. குழுவில் ஸ்வான்சீ நகரத்துப் பீட் ஹாமிடம் நல்ல சரணம் ஒன்று இருந்தது, பல்லவி அமையவில்லை. லிவர்பூல்காரரான டாம் எவன்ஸிடம் பல்லவி இருந்தது, சரணம் இல்லை. இரண்டையும் ஒட்டினார்கள். பாட்டு பிறந்தது.

1970-ல் 'நோ டைஸ்' இசைத்தட்டில் அது வெளிவந்தது. கிதாருடன் அடக்கமாகப் பாடிய பாட்டு. தனித்தட்டாகப் போடும் எண்ணம் அவர்களுக்கு வரவில்லை.

முதலிடம்

அமெரிக்கப் பாடகர் நில்சன் அதை ஒரு விருந்தில் கேட்டார். பீட்டில்ஸ் பாட்டு என்றே நினைத்தார். 1971-ல் தாமே பாடினார். பியானோவுடன் மெல்லத் தொடங்கி, வயலின்கள் சேர்ந்துகொள்ள, பல்லவியில் குரலை உச்சிக்கு ஏற்றினார். 1972-ல் அமெரிக்காவில் 4 வாரம், பிரிட்டனில் 5 வாரம் முதலிடம்!

1994 ஜனவரியில் நில்சன் காலமானார். அதே ஆண்டு மரியா கேரி, நில்சனின் பாணியையே பின்பற்றிப் பாடிய தட்டும் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாடிவிட்டார்கள்.

பணம் எங்கே?

யார் பாடினாலும் எழுதியவருக்கு ராயல்டி உண்டு. ஆனால் மேலாளருடன் செய்த ஒப்பந்தப்படி, குழுவின் வருமானம் ஒரு கம்பெனிக்குப் போயிற்று. பாட்டுக் கட்டியவர்களுக்கு மாதச் சம்பளம்தான். 1975-ல் அதுவும் நின்றது. அந்த ஏப்ரலில் ஹாம் இறந்தார். வயது 27. அவருடைய மகள் பிறந்தது அடுத்த மாதம்.

ராயல்டியைப் பங்கிடுவதில் பழைய கூட்டாளிகளுக்குள் தகராறு மூண்டது. 1983 நவம்பரில் எவன்ஸும் போய்விட்டார். வயது 36.

மெட்டுக் கட்டத் தெரிந்த அவர்கள், கையெழுத்துப் போட்ட தாளைச் சரியாகப் படிக்கவில்லை. நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இசைத்தட்டில் பாடியவர் பெயர் பெரிதாக இருக்கும். எழுதியவர் பெயர் அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அடுத்த முறை அதையும் படியுங்கள்.