பத்து மைல் பாதையில் எட்டே பெயர்கள்

அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில்பாதை வேலைக்கு 1865-ல் சென்ட்ரல் பசிபிக் கம்பெனியிடம் இருந்தவர்களில் பலர் அயர்லாந்துக்காரர்கள். பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். அவர்கள் கூலி உயர்வு கேட்டதும், சீனர்களை இறக்கிவிடுவோம் என்று மிரட்டினார் முதலாளிகளில் ஒருவரான சார்லஸ் கிராக்கர். இன வெறுப்பு ஏற்கெனவே இருந்ததுதான். அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது கம்பெனி.

முதலில் 50 சீனர்கள் வந்தார்கள். இந்த உடம்புகள் பாறை உடைக்குமா என்று முகம் சுளித்தார் கட்டுமானக் கண்காணிப்பாளர் ஸ்ட்ரோபிரிட்ஜ். இரண்டே ஆண்டுகளில் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் சீனர்களே. வெள்ளையருக்குக் கூலியோடு சாப்பாடும் உண்டு. சீனர் கைக்காசு போட்டுத்தான் சாப்பிட வேண்டும். 1867 ஜூனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முகாமுக்கு உணவு வராமல் தடுத்துப் பணியவைத்தார் கிராக்கர்.

இதற்கு நடுவே அயர்லாந்துக்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே நட்பு இருந்ததா? அந்தச் சீனத் தொழிலாளர் எழுதிய ஒரு கடிதம்கூட இதுவரை கிடைக்கவில்லை. வேலைத்தளத்தில்தான் தேட வேண்டும்.

1869 ஏப்ரல் 28, யூட்டா. ஒரே நாளில் பத்து மைல் பாதை போடுவதாகப் பந்தயம். ஒவ்வொரு தண்டவாளமும் சுமார் 560 ராத்தல். அவற்றைத் தூக்கி வைத்தவர்கள் எட்டு அயர்லாந்துக்காரர்கள். ஆணி அடித்து, மண்ணை இறுக்கிக்கொண்டு பின்னால் வந்த படையில் பெரும்பாலோர் சீனர்கள். அவர்கள் சுணங்கினால் அடுத்த சரக்கு முன்னால் வராது. மதியம் மாற்று ஆள் தருவதாகச் சொன்னதற்கு எட்டுப் பேரும் மறுத்துவிட்டார்கள். பொழுது சாயும்போது பத்து மைலும் 56 அடியும் முடிந்திருந்தன. எட்டுப் பேரின் பெயர்களும் பதிவேட்டில் உள்ளன. சீனர் ஒருவர் பெயரும் இல்லை.

இது தோழமையா, வேலையின் கட்டாயமா? கட்டாயம்தான் என்பேன். ஆனால் கட்டாயத்திலும் மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். மே 10-ல் பாதை இணைந்ததும், தம் ரயில்பெட்டிக்குள் சீனர்களை விருந்துக்கு அழைத்தார் ஸ்ட்ரோபிரிட்ஜ். முகம் சுளித்த அதே மனிதர்! அங்கிருந்த மற்ற விருந்தினர்கள் அவர்களை ஆரவாரம் செய்து வரவேற்றார்கள்.

அந்த ஆரவாரம் நீடிக்கவில்லை. 1877-லிருந்து சான்பிரான்சிஸ்கோவில் 'சீனரே வெளியேறு' என்று கூட்டம் சேர்த்தவர் டெனிஸ் கியர்னி. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்தான் அவரும். 1882-ல் சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வரவே தடை விதித்துச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் ரத்தாக 1943 வரை ஆயிற்று.