இரண்டு பெயர், ஒரே குளிசை

சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய உம்மா தலைசுற்றி விழுந்துவிட்டார். மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. பிரஷருக்குக் கிளினிக்கில் தந்த குளிசை ஒன்று. ஒரு மாதம் அங்கு இல்லாததால் வெளியே பாமசியில் வாங்கியது இன்னொன்று. நிறமும் பெட்டியும் பெரிய எழுத்திலிருந்த பெயரும் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் சின்ன எழுத்தில் இருந்தது ‘லொசார்டன்’தான். உம்மா இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்.

ஒரு மருந்துக்குப் பொதுப்பெயர் ஒன்றுதான். வர்த்தகப் பெயரோ கம்பனிக்கு ஒன்று. இந்தக் குழப்பத்தை நம் நாட்டில் ஆரம்பத்திலேயே கண்டவர் பேராசிரியர் செனக்க பிபிலே. அரச மருத்துவமனைகளுக்கு எந்த மருந்து உண்மையில் தேவை என்று தெரிவுசெய்து, பொதுப்பெயரில் பட்டியலிடும் மருந்துக் கையேட்டுக்காக உழைத்தவர் அவர். 1971இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. 2,000க்கும் மேற்பட்டிருந்த இறக்குமதி மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977இல்தான்.

கையேட்டில் என்ன இருக்கும்? எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை வேளை, யாருக்குக் கூடாது, எந்த மருந்தோடு சேரக்கூடாது என்ற விபரங்கள். நம் வைத்தியர்கள் புரட்டும் பிரித்தானியத் தேசிய மருந்துக் கையேடும் அப்படியானதே. எதை வாங்குவது, எதை இருப்பில் வைப்பது என்று மருத்துவமனை தீர்மானிப்பதற்கும் இத்தகைய ஏடுகளே துணை.

பட்டியலைப் பார்க்காமல் மருந்து வந்தால் என்னவாகும் என்பதை சுனாமி காட்டியது. நம் கரையை அடித்த அதே அலை அழித்த இந்தோனேசியாவின் ஆச்சேயில், நன்கொடையாகக் குவிந்த சுமார் 4,000 தொன் மருந்தில் பெரும்பகுதி அந்நாட்டுப் பட்டியலில் இல்லாதவை. பலவற்றின் லேபலை அங்குள்ளவர்களால் வாசிக்கவும் முடியவில்லை.

இடம்பெயர்வில் கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! நிறத்தையும் பெட்டியையும் சொல்லி மருந்து கேட்டால் பிழைக்க இடமுண்டு. பொதுப்பெயரையும் அளவையும் கேட்டு எழுதி வைத்திருங்கள். கிளினிக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள்.

உம்மாவின் கொப்பியின் முதல் பக்கத்தில் இப்போது ‘லொசார்டன்’ என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பாமசியில் அவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்.