சட்டை பட்டன் போட வைக்கும் சிகிச்சை... இந்தியாவில் தொடங்கிவைத்த கமலா!

பக்கவாதம் வந்த அப்பா இப்போது நடக்கிறார். ஆனால், சட்டை பட்டன் போட முடியவில்லை. சாதத்தைப் பிசைந்து வாயில் வைக்க முடியவில்லை. அடுத்து யாரைப் பார்ப்பது?

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை! பிசியோதெரபி உடலின் அசைவையும் வலுவையும் மீட்கிறது. இது குளிப்பது, உடுத்துவது, எழுதுவது என அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிறது. விரல் ஒத்துழைக்கவில்லையா? தடித்த கைப்பிடி ஸ்பூன், பட்டனுக்குப் பதில் வெல்க்ரோ என மாற்று வழியும் காட்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் இது உதவுகிறது.

இந்தியாவில் இதைத் தொடங்கிவைத்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்த நாட்டைத் தனதாக்கிக்கொண்டவர். 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார். 1952-ல் அகில இந்திய சங்கம் உருவானது. அதே ஆண்டு பிறந்த உலகக் கூட்டமைப்பின் 10 நிறுவன நாடுகளில் இந்தியாவும் ஒன்று!

இவ்வளவு சீக்கிரம் தொடங்கியும், இந்தத் துறையின் படிப்பையும் பதிவையும் நாடு முழுக்க ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021-ல்தான் வந்தது. இன்றும் பலர் இதை பிசியோதெரபி என்றே நினைக்கிறார்கள்.

அதனால், உங்கள் வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்தால், டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: ``ஆக்குபேஷனல் தெரபி தேவைப்படுமா?''