‘ஏழைப் பெண்கள் கையால் செய்தது’: அந்தச் சீட்டை எவ்வளவு நம்பலாம்?

பாடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மேம்பாலம். உள்ளூர்க்காரர்களுக்கு லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. மெஷினுக்குப் பேர்போன ஊர். ஆனால் மண்ணூர்பேட்டை, கொரட்டூர் பக்கத் தெருக்களில் நடந்தால் சில வாசல்களில் ‘ஆரி ஒர்க் செய்து தரப்படும்’ என்று அட்டை தொங்கும். உள்ளே, சட்டத்தில் இழுத்துக் கட்டிய ரவிக்கைத் துணியில் ஒரு பெண் குனிந்தபடி மணி கோத்துக்கொண்டிருப்பார். அவரைக் கைவினைஞர் என்று யாரும் அழைப்பதில்லை. அதே வேலையை எங்கோ ஒரு மலைநாட்டுப் பெண் செய்து, அவர் படத்தோடு ஒரு சீட்டும் தொங்கினால், விலை பல மடங்காகிறது. ‘இதை வாங்கினால் ஒரு ஏழைக் குடும்பம் வாழும்’ என்கிறது சீட்டு.

அது உண்மையாகவும் இருக்கலாம். இருந்தாலும், அதைச் சொல்பவர் விற்பவர். பட்டு என்றால் பட்டுதானா என்று பார்க்கிற நாம், ‘பெண்களுக்கு உதவி’ என்றால் மட்டும் கேள்வி கேட்காமல் காசை எடுக்கிறோம். கேட்டால் நாகரிகமில்லை என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தை வைத்தே சிலர் வியாபாரம் நடத்துகிறார்கள்.

இந்த வியாபாரத்தின் தொடக்கம் நல்ல எண்ணம்தான். 1946இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி, போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்கள் செய்த பூத்தையல் துணிகளைக் காரின் டிக்கியில் வைத்துத் தெரிந்தவர்களிடம் விற்றார். ‘டென் தவுசண்ட் வில்லேஜஸ்’ என்ற கடைத்தொடர் அதிலிருந்து வளர்ந்தது. இன்று உலக நியாய வணிக அமைப்பு, தன் உறுப்பினர்களுக்கு 10 நெறிகளை வைத்திருக்கிறது. அவற்றில் நாம் மனத்தில் வைக்கவேண்டியது ஒன்று: கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவர், செய்பவர் கேட்டால் பாதித் தொகையையாவது வட்டியில்லாமல் முன்பணமாகத் தரவேண்டும். ஆகவே கடைக்காரரிடமோ இணையத்தில் விற்பவரிடமோ ‘செய்தவருக்கு முன்பணம் தந்தீர்களா? ஒரு உருப்படிக்குக் கூலி எவ்வளவு?’ என்று கேளுங்கள். நேர்மையாக நடத்துபவருக்குப் பதில் கைவசம் இருக்கும்.

நம் மாநிலத்துக்கே வருவோம். நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் கோடு வரையாமல், இழைகளை எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலால் போடும் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கிழித்து, சாயம் ஏற்றிப் பத்தமடைப் பெண்கள் நெய்யும் பாய்க்கும், செட்டிநாட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் கொட்டானுக்கும் அந்தக் குறியீடு உண்டு. நாடு முழுவதற்குமான பதிவகம் நம் கிண்டியில்தான் இருக்கிறது. போலியாக அந்தப் பெயரைப் போட்டு விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது 1999ஆம் ஆண்டுச் சட்டம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பலர் இதைத் தவறவிடுகிறார்கள். புவிசார் குறியீடு பொருள் எந்த ஊர் மரபு என்பதைத்தான் சொல்லும். கைத்தறி முத்திரை கைத்தறியில் நெய்தது என்று சொல்லும், சில்க் மார்க் பட்டு என்று சொல்லும். செய்த பெண்ணுக்கு எவ்வளவு போனது என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. தவிர, குறியீட்டை மீறினார்கள் என்று வழக்குப் போடும் உரிமை பதிவு பெற்ற உரிமையாளருக்கும் அனுமதி பெற்ற பயனாளர்களுக்கும்தான். 2025இல் குறியீடு பெற்ற கோலாப்பூர்ச் செருப்பைப் போன்ற ஒன்றைப் பிராடா என்ற ஃபேஷன் நிறுவனம் மிலானில் மேடையேற்றியபோது எழுந்த பொதுநல மனுவை, மனுதாரர்கள் குறியீட்டின் உரிமையாளர்கள் அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

வாங்கி ஏமாந்தவருக்கு வேறு கதவு இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மெஷினில் போட்டதைக் கைவேலை என்று விற்பது முறையற்ற வணிகம். இணையத்தில் விற்பவர் தன் பெயர், முகவரி, பொருள் தயாரான நாடு ஆகியவற்றைக் காட்டியாக வேண்டும். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும். இந்தியர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுத் தளங்களையும் இந்த விதிகள் கட்டுப்படுத்தும். நடைமுறையில் அவர்களைப் பிடிப்பது கஷ்டம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ முறையில் பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் விரைவான வழி. எங்கே வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். சிறு வியாபாரி என்றால் கையெழுத்துச் சீட்டு போதும். ஜிபே பதிவும் சாட்சிதான்.

வாங்குவதும் நன்கொடையும் ஒன்றல்ல. பொருளுக்குக் கொடுத்த விலைக்கு, நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை கிடையாது. ‘வரி விலக்கு உண்டு’ என்று சொல்லிப் பொம்மை விற்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இனி பாடித் தெருவில் ஆரி மரச்சட்டத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கான 177ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. அதனால் கையில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். சொந்தமாக ஆர்டர் எடுப்பவர் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளலாம், செலவில்லை. பதிவுக்குப் பிறகு செய்து கொடுத்த வேலைக்கு, ஆர்டர் தந்த பொட்டிக் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வட்டியோடு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. தையலும் செய்பவர்கள் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் சேரலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் 60 வயதில் ஓய்வூதியமும் அதில் உண்டு. 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்தவர்களுக்கு 25 தொழில்களில் 3 லட்சம் வரை கடன், அதில் 50 ஆயிரம் வரை மானியம் என்று அறிவித்தார்கள். விவரம் மாவட்டத் தொழில் மையத்தில் கிடைக்கும்.

இவர்களைக் குறிவைக்கும் மோசடி ஒன்று உண்டு. ‘வீட்டிலிருந்தே கைவேலை, மெட்டீரியல் நாங்களே தருவோம், டெபாசிட் மட்டும் கட்டுங்க அக்கா’ என்று வாட்ஸ்அப்பில் வரும். செய்து கொடுத்தால் ‘குவாலிட்டி சரியில்லை’ என்பார்கள். பிறகு டெபாசிட்டும் போய்விடும், எண்ணும் அணைந்துவிடும். வேலை தருபவர் பணம் கேட்டால் அது வேலையே அல்ல. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும். தொகையை நடுவில் நிறுத்த முடியும்.

நம்பி வாங்க நினைப்பவர்களுக்கு அரசின் பூம்புகார் கைவினைக் கடைகளும், மகளிர் குழுக்களின் பொருள்களை ‘மதி’ என்ற பெயரில் விற்கும் நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகமும் இருக்கின்றன. அங்கேயும் கூலியைக் கேளுங்கள். உங்கள் தெருவில் ரவிக்கை தைக்கக் கொடுத்தால் பாதி முன்பணம் கொடுத்து, மீதியை வாங்கும் அன்றே தீர்த்துவிடுங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால், வாங்கிய 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.