இருமலா, சம்பளமா?

ஓட்டல் அடுக்களையில் தட்டு அடுக்குகிறவருக்குக் காய்ச்சல். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்துவிடுகிறார். முழங்கையை மடக்கி இருமிக்கொண்டே அவர் எடுத்துத் தரும் தட்டுதான் நம் மேசைக்கு வருகிறது. அவருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தால், அதைச் சுகாதாரக் கணக்கில் எழுதுவதா, கூலிக் கணக்கில் எழுதுவதா? அமெரிக்க நகரங்களின் வழக்குகள் பலவும் இங்கேதான் சிக்கிக்கொண்டன.

தனியார் ஊழியர் எல்லோருக்கும் சம்பளத்துடன் நோய் விடுப்பு தரச் சொல்லும் மத்தியச் சட்டம் அங்கே இல்லை. அதனால் நகரங்களே இறங்கின. 2006-இல் வாக்கெடுப்பு நடத்தி முதலில் வழிகாட்டியது சான் பிரான்சிஸ்கோ.

பிட்ஸ்பர்க் நகர மன்றம் 2015-இல் சட்டம் போட்டது. 35 மணி நேர வேலைக்கு 1 மணி நேர விடுப்பு. ஓட்டல் உரிமையாளர் சங்கம் வழக்குப் போட்டது. மாநிலச் சட்டம் வெளிப்படையாக அனுமதித்தாலொழிய, வணிகர்களின் கடமைகளை நகரம் வரையறுக்க முடியாது என்பது பென்சில்வேனியா விதி. கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் நகரம் தோற்றது. ஜூலை 2019-இல் மாநில உச்ச நீதிமன்றம், 1955-ஆம் ஆண்டின் நோய்த் தடுப்புச் சட்டத்திலேயே அந்த அனுமதி இருப்பதாகச் சொன்னது. 4 நீதிபதிகள் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு.

டெக்சாஸில் கதை வேறு. 2018-இல் ஆஸ்டின் நகரம் 30 மணி நேர வேலைக்கு 1 மணி நேர விடுப்பு என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் கணக்குப் போட்டுப் பார்த்தது: செய்யாத வேலைக்கும் காசு கொடுக்கச் சொன்னால் அதுவும் கூலிதான். கூலியை நிர்ணயிப்பது மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம். நகரம் அதில் கைவைக்கக் கூடாது. சட்டம் நடைமுறைக்கே வரவில்லை.

வழக்கில் வென்றாலும் நிம்மதி இல்லை. மில்வாக்கியில் 2008-இல் ஏறத்தாழ 69 சதவீத வாக்காளர்கள் ஆதரித்த சட்டம், மார்ச் 2011-இல் மேல்முறையீட்டிலும் தப்பியது. இரண்டே மாதத்தில் மாநில அரசு புதுச் சட்டம் போட்டு அதை முடக்கிவிட்டது.

ஊருக்கு ஒரு விதி என்றால் கணக்கு வைத்து மாளாது என்ற முதலாளிகளின் புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பிட்ஸ்பர்க் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குத் தெரிந்த சாப்பாட்டுத் தட்டு, ஆஸ்டின் தீர்ப்பில் சம்பளச் சீட்டுக்குப் பின்னால் மறைந்துபோனது.

பிட்ஸ்பர்க் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் மார்ச் 15, 2020. அதே வாரம், கொரோனாவால் அந்த ஊர் ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடுவதே நின்றுபோனது.