கல் கிடங்குக்கு அடியில் என்ன இருக்கு?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தால் கரிசல் காடும் கருவேல மரமும்தான் கூடவே ஓடி வரும். குண்டாற்றில் பெரும்பாலான மாதங்கள் வெறும் மணல்தான். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டால் கண்மாயும் பாளம் பாளமாக வெடித்துவிடும். இப்படிப்பட்ட வறண்ட சீமையிலும், கோடையில் பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் ஓர் இடம் உண்டு. அதுதான் கைவிடப்பட்ட கல் கிடங்கு, அதாவது கல்குவாரி!

ஜல்லிக்காகப் பாறையை வெட்டி எடுத்த பள்ளத்தில் மழைநீர் விழுகிறது. பாறை இடுக்குகள் வழியாக ஊற்றுநீரும் கசிகிறது. சுற்றிலும் பாறையாக இருப்பதால் மண் குடிப்பதுபோல் அது தண்ணீரைக் குடித்துவிடாது. ஆழம் அதிகம், வாய் சிறிது என்பதால் வெயிலுக்கும் சீக்கிரம் வற்றாது. 2017 வறட்சியின்போது சென்னை மக்களுக்கே சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் கொடுத்தார்கள், தெரியுமா?

இப்படி ஒரு கிடங்குக்குள் மூழ்கிப் பார்ப்பதற்காகவே காசு கொடுத்து வரிசையில் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே அல்ல, இங்கிலாந்தில்! லெஸ்டர்ஷயரில் 'ஸ்டோனி கோவ்' என்று ஒரு குவாரி. 1958-ல் அங்கே கல் வெட்டுவது நின்றது. மோட்டாரை நிறுத்தியதும் ஊற்று பெருகிப் பள்ளம் நிரம்பிவிட்டது. அதிகபட்ச ஆழம் சுமார் 35 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தையே உள்ளே நிறுத்தலாம்! வட கடலில் எண்ணெய்க் கிணறு வேலைக்குப் போன மூழ்காளிகள் முதலில் பயிற்சி எடுத்தது இங்கேதான். இப்போது விருந்தாளிகள் பார்த்து மகிழ விமானத்தின் மூக்கு, ஹெலிகாப்டர் எல்லாம் உள்ளே இறக்கி வைத்திருக்கிறார்கள். 2000-ல் 'ஸ்டேன்கார்த்' என்ற இழுவைக் கப்பலையே மூழ்கடித்தார்கள். மீன்கள் அதில் குடியிருக்கின்றன!

அவர்கள் முதுகில் கட்டியிருப்பதுதான் ஸ்கூபா கருவி. அந்த உருளையில் இருப்பது தனி ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறோம். இல்லை, நாம் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் அமுக்கி அடைத்திருக்கிறார்கள். 12 லிட்டர் உருளைக்குள் 200 மடங்கு அழுத்தத்தில் சுமார் 2,400 லிட்டர் காற்று! அந்தக் காற்றின் எடையே கிட்டத்தட்ட 3 கிலோ. பிரான்சைச் சேர்ந்த கூஸ்டோவும் கான்யானும் 1943-ல் இந்தக் கருவிக்கு நல்ல வடிவம் கொடுத்தார்கள்.

இப்போது ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் சுவாசித்தால் அந்தக் காற்று கரையில் 120 நிமிடம் வரும். ஆனால் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஒரு மடங்கு கூடும். 30 மீட்டரில் நான்கு மடங்கு. அங்கே அதே காற்று எவ்வளவு நேரம் வரும்? 30 நிமிடம்தான்! மேலே ஏறி வரவும் மிச்சம் வைக்க வேண்டுமே.

ஏறுவதில்தான் பெரிய ஆபத்து. கோலி சோடாவை உடைத்ததும் குமிழி பொங்குகிறதல்லவா? அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜனும், சரேலென்று மேலே வந்தால் அப்படித்தான் பொங்கும். மூட்டு வலிக்கும், உயிரே போகலாம். எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்று கண்டுபிடித்தவர் ஜே.எஸ்.ஹால்டேன். அதற்கு உதவியவை... ஆடுகள்! அழுத்த அறைக்குள் ஆடுகளை விட்டுப் பார்த்தார். வலி கண்ட ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்குமாம். 1908-ல் அவர் வெளியிட்ட அட்டவணை பல மூழ்காளிகளைக் காப்பாற்றியது. பாவம், ஆடுகளுக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

நம் ஊர்க் கிடங்குக்கு வருவோம். கண்மாய் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகும். கிடங்கு அப்படியில்லை, கரையை விட்ட அடுத்த அடியே முப்பது அடியாக இருக்கலாம்! கிணற்றுக்காவது படி இருக்கும். இங்கே செங்குத்துப் பாறை, அதிலும் பாசி. நன்றாக நீச்சல் தெரிந்தவனும் ஏற வழியில்லாமல் களைத்துப்போவான். மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கீழே சில்லென்று இருக்கும். திடீர்க் குளிரில் மூச்சுத் திணறும். கூரான கல்லும் கம்பியும் மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. லீவு நாளில் குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் செய்தி வருகிறதே, காரணம் இவைதான்.

கூட வந்தவன் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். அவன் பயத்தில் உங்களைக் கட்டிப்பிடித்து அமுக்கிவிடுவான். கயிறு, வேட்டி, சேலை, துண்டு, எது கிடைத்தாலும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, படுத்தபடி மறுமுனையை வீசுங்கள். மூடியை இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன்கூட ஆளை மிதக்க வைக்கும். சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112.

தீயணைப்புத் துறையிலும் ஸ்கூபா பயிற்சி பெற்ற வீரர்கள் இருக்கிறார்கள். ஸ்டோனி கோவ்போல ஹெலிகாப்டரை ரசிக்க அவர்கள் இறங்குவதில்லை. சேறு கலங்கினால் கண்ணுக்கு முன்னால் நீட்டிய கையே தெரியாது. அந்த இருட்டில் விரல்களால் தடவித் தடவித் தேடுவார்கள். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை கரையில் இன்னொருவர் கையில் இருக்கும். பேச முடியாதல்லவா? கயிற்றை இழுக்கிற இழுப்புதான் அவர்களுக்குப் பேச்சு!

தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக் குளித்தார்களே, அவர்களும் கயிற்றை நம்பித்தான் இறங்கினார்கள். காற்று உருளை கிடையாது. காலில் கல்லைக் கட்டி, மூச்சடக்கி இறங்குவார்கள். கயிற்றை இழுத்ததும் படகில் இருப்பவர் மேலே தூக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் போச்சு! அதனால் கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் நிறுத்துவார்கள் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். கீழே இருப்பது அக்கா புருஷனாயிற்றே, மறப்பானா மச்சான்?